பால்டர்ஸ் கேட் 3 ஆடத் தொடங்கும் முன்: காட்பாடியில் நாங்கள் பட்ட பாடு

பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தை வாங்கலாம் என்று முடிவு செய்த நாளிலிருந்து முதல் சண்டையை ஒழுங்காக ஜெயித்த நாள் வரை எங்களுக்குப் பதினேழு நாள் ஆயிற்று. அதில் ஆடியது நாலு நாள்கூட இருக்காது. மீதியெல்லாம் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்ததும், பணம் போய் ஆட்டம் வராமல் இருந்ததும், கரண்ட் போன நேரத்தில் மோடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும்தான். நானும் என் வீட்டுக்காரரும் காட்பாடி காந்தி நகரில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் இந்த மாதிரி ஆட்டம் இதுதான் முதல் தடவை. கேட்க ஆளில்லை. நீங்களாவது அந்தப் பதினேழு நாளை மூன்று நாளாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

தாயம் உருட்டத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த ஆட்டம். நாலு பேர் கொண்ட கூட்டத்தை நீங்கள் நடத்துகிறீர்கள். சண்டை வந்தால் நீங்கள் ஒரு முறை, எதிரி ஒரு முறை என்று மாறி மாறி நகர்த்த வேண்டும். அடி விழுமா, பொய் செல்லுமா, பூட்டு திறக்குமா, எல்லாவற்றையும் இருபது முகக் கட்டை ஒன்று தீர்மானிக்கிறது. கை வேகம் தேவையில்லை. யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாற்பதைத் தொடும் எங்களுக்கு அதுதான் பிடித்தது.

1. முதலில் மெஷினைப் பாருங்கள், ஆசையை அல்ல

குறைந்தபட்சத் தேவை 8 ஜிபி ராம், என்விடியா ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 அளவுக்கு 4 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு, 150 ஜிபி இடம். நன்றாக ஓட 16 ஜிபி ராமும் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் ரகக் கார்டும் கேட்கிறது. எங்கள் லேப்டாப்பில் 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650. எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்து, அமைப்புகளில் எஃப்எஸ்ஆர் என்பதையும் (படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டுக்கொண்டால் ஓடுகிறது. கதையின் மூன்றாம் பாகம் ஒரு பெரிய நகரத்தில் நடக்கிறது, அங்கே மெஷின் திணறும். முதல் பாகம் சுமாராக ஓடினால் கடைசி பாகம் அதைவிடச் சுமாராகத்தான் ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத ஆபீஸ் லேப்டாப்பா? இதை விட்டுவிடுங்கள். இந்த ஆட்டத்தைச் செய்த லேரியன் நிறுவனமே 2017-இல் வெளியிட்ட டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 என்ற ஆட்டம் இருக்கிறது. விலையும் குறைவு, இடமும் 60 ஜிபி போதும், அதிலும் ஜோடியாக ஆடலாம். ஆனால் அதற்கும் ஏதோ ஒரு பழைய கார்டாவது வேண்டும்.

இன்னொன்று. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஆடினால் கார்டு பாதி வேகத்தில்தான் ஓடும். வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதப் பகல் பொழுது லேப்டாப்புக்கு ஆகாது. நாங்கள் பின்பக்கத்தை இரண்டு பழைய கேசட் பெட்டி மேல் தூக்கி வைத்து, டேபிள் ஃபேனைப் பக்கத்தில் திருப்பிவிட்டு, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் தொடுகிறோம்.

2. எஸ்எஸ்டி வாங்கும்போது பில் வாங்குங்கள்

ஆட்டத்தை எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு டிஸ்க்கில்தான் போட வேண்டும். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் போட்டால் சுவர் வரும், அதில் கதவு வராது. ஆள் வருவார், முகம் அரை நிமிஷம் கழித்து வரும். 150 ஜிபி ஆட்டத்துக்கு, மேலே இன்னும் ஐம்பதாவது காலியாக இருந்தால்தான் பெரிய அப்டேட் வரும்போது தலைவலி இல்லை.

எங்கள் லேப்டாப்பில் இருந்ததே 256 ஜிபி. இன்னொன்று போடலாம் என்று ஊருக்குள் ஒரு கடைக்குப் போனோம். பலகையில் சொருகும் சின்னப் பட்டை மாதிரி இருக்கும், எம்.2 என்பார்கள். அதிலேயே என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு ஜாதி உண்டு. பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் மெஷின் ஏற்பது என்விஎம்இ மட்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது சாட்டா. வீட்டுக்கு வந்து மாட்டினால் மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. திரும்பப் போனால், "பேக்கெட் பிரிச்சாச்சேம்மா" என்றார். எங்கள் கையில் இருந்தது துண்டுச் சீட்டில் எழுதிய 3,400 என்ற எண் மட்டும். ஜிஎஸ்டி பில்லாவது இருந்திருந்தால் நின்று பேசியிருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். லேப்டாப்பின் மாடல் எண்ணை அடிப்பக்க ஸ்டிக்கரிலிருந்து போட்டோ எடுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் எந்த ரகத்தை ஏற்கிறது என்று பாருங்கள். கடையில் பெயர், தேதி, எஸ்எஸ்டியின் சீரியல் எண் மூன்றும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். அதைத்தான் பின்னால் வாரண்டிக்கும் கேட்பார்கள். மெஷின் வாரண்டியில் இருந்தால், பின்மூடியைக் கழற்றினால் வாரண்டி போகுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

3. கணக்கு, பணம், இரண்டு மணி நேரம்

கம்ப்யூட்டரில் வாங்க எளிய வழி ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடை. ஒரு இமெயில், ஒரு போன் நம்பர் போதும், அடையாள அட்டை எதுவும் கேட்பதில்லை. கணக்கு தொடங்கியதும் போனில் ஸ்டீம் செயலியைப் போட்டு 'ஸ்டீம் கார்டு' (Guard) பாதுகாப்பை இயக்கிவிடுங்கள். அதற்கு ஒரு மீட்புக் குறியீடு தருவார்கள், அதை நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அந்த எண்தான் கதி.

விலை 2,999 ரூபாய். ஜூன் கடைசியில் கோடை விற்பனையும் டிசம்பர் கடைசியில் குளிர்கால விற்பனையும் வரும். நான் பார்த்தவரை அப்போது 20 முதல் 25 சதவீதம் குறைகிறது. அறுநூறு, எழுநூறு மிச்சம் என்றால் ஒரு மாதம் காத்திருப்பதில் தப்பில்லை. பாதி விலைக்குக் 'கீ' (ஆட்டத்தைத் திறக்கும் குறியீடு) விற்கிறோம் என்று வேறு தளங்கள் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். திருட்டுக் கார்டில் வாங்கிய கீயாக இருந்தால் பின்னால் ரத்தாகும், பணம் கேட்க ஆள் இருக்காது.

யுபிஐ மூலம் கட்டலாம். நான் கட்டியபோது வங்கியிலிருந்து பணம் போய்விட்டது, ஸ்டீமில் 'நிலுவையில்' என்றே நின்றது. மறுபடி கட்டலாம் என்று போனை எடுத்தேன். வீட்டுக்காரர்தான் பிடுங்கி வைத்தார். மறுநாள் காலை காபி போடும்போது பார்த்தால் ஆட்டம் லைப்ரரியில் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஆனால் பரிவர்த்தனை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ஒரு நாள் பொறுங்கள். ஸ்டீம் அனுப்பும் ரசீது மெயிலையும் அழிக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். டவுன்லோடு ஆகும் நேரம் இதில் சேராது. 'பிளே' அழுத்திய நொடியிலிருந்து ஓடும். இந்த ஆட்டத்தில் ஆளை உருவாக்கும் திரை இருக்கிறதே, அது ஒரு அழகு நிலையம். முடி, புருவம், கண் நிறம், குரல், உடம்பில் பச்சை குத்தியது வரை மாற்றலாம். நான் முடிக்கு மட்டும் நாற்பது நிமிஷம் செலவழித்தேன். கடைசியில் ஆளை முடித்து உள்ளே நுழைந்து, மெஷின் திணறுகிறது என்று தெரிந்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் போயிருந்தது.

நீங்கள் முதல் தடவை இப்படிச் செய்யுங்கள்: தயாராக இருக்கும் ஆளை அப்படியே ஏற்று உள்ளே போங்கள். ஆரம்பக் கப்பலில் அரை மணி நேரம் நடந்து, ஒரு சண்டை போட்டுப் பாருங்கள். மெஷின் தாங்குகிறதா, உங்களுக்குப் பிடிக்கிறதா என்று முடிவு செய்யுங்கள். தாங்கினால் அந்த ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு புதிதாகத் தொடங்கி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் தலை சீவுங்கள்.

4. டவுன்லோடு

40 எம்பிபிஎஸ் இணைப்பில் 150 ஜிபி இறங்க எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். 100 எம்பிபிஎஸ் என்றால் மூன்றரை மணி நேரத்துக்குள். தினம் 2 ஜிபி தரும் போன் ரீசார்ஜை நம்பினால் எழுபத்தைந்து நாள். பிராட்பேண்டு இல்லாதவர்கள் இருக்கிற நண்பர் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது நல்லது. இரவு போட்டு காலையில் எடுக்கலாம். விண்டோஸ் தூங்கிவிடாமல் இருக்க 'ஸ்லீப்' நேரத்தை நிறுத்தி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மோடம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும், பதறாதீர்கள்.

5. தனியாகவா, ஜோடியாகவா? ஆளை உருவாக்கும் முன் முடிவு செய்யுங்கள்

இதில் தப்பு செய்தால் திருத்த வழியில்லை. தனியாகத் தொடங்கிய ஆட்டத்துக்குள் நடுவில் ஒருவர் சேர்ந்தால், அவருக்குப் புது ஆளை உருவாக்கும் வாய்ப்பு கிடைக்காது. ஏற்கெனவே கூட்டத்தில் உள்ள ஒருவரைத்தான் எடுத்து ஆட்ட முடியும். நான் பத்து மணி நேரம் தனியாக ஆடிய பிறகுதான் இவருக்கு ஆசை வந்தது. பத்து மணி நேரமும் போயிற்று. சேர்ந்து ஆடுவது என்றால் முதல் திரையிலேயே இரண்டு பேரும் இருங்கள்.

ஒரே வீடு, ஒரே டிவி என்றால் திரையை இரண்டாகப் பிரித்து ஆடலாம், ஒரு பிரதி போதும். கம்ப்யூட்டரில் அதற்கு இரண்டு கண்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் மௌசும் ஒருவர் கண்ட்ரோலருமாக ஓட்டலாம் என்று நாங்கள் மனக்கணக்குப் போட்டது நடக்கவில்லை. வயர் வைத்த சாதாரண கண்ட்ரோலர் ஒன்று 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. 'எக்ஸ்-இன்புட்' ஏற்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திரை பிரிந்தால் மெஷினுக்கு வேலை கூடும், அதனால் படம் இன்னும் கொஞ்சம் தேயும். லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துவிட்டால் அரைத் திரையிலும் எழுத்து படிக்கிற மாதிரி இருக்கும். தமிழ் கிடையாது, எல்லாம் ஆங்கிலம்தான்.

இரண்டு லேப்டாப், இரண்டு ஊர் என்றால் ஆளுக்கொரு பிரதி வேண்டும். 'ஸ்டீம் ஃபேமிலி'யில் சேர்ந்தால் ஒரே பிரதியை இருவரும் பயன்படுத்தலாமே என்று நினைப்பீர்கள். பயன்படுத்தலாம், ஆனால் ஒரே நேரத்தில் முடியாது. ராணிப்பேட்டையில் இருக்கும் மச்சினருக்காக இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாயிற்று.

6. ஆளை உருவாக்குவது

உங்கள் ஆளுக்கு எந்தத் திறமை என்று தீர்மானிக்கும் பன்னிரண்டு வகுப்புகள் இருக்கின்றன. முதல் தடவைக்கு, அடிக்கிறவராக இருக்க ஆசையென்றால் ஃபைட்டர் அல்லது பாலடின், மந்திரம் என்றால் கிளெரிக் அல்லது சார்சரர். விசார்டு நல்லதுதான், ஆனால் எந்த மந்திரத்தைத் தயார் செய்வது என்று தினம் ஒரு பாடம் நடத்த வேண்டும். புள்ளிகளைப் பிரிப்பதில் மண்டையை உடைக்க வேண்டாம், ஆட்டமே பரிந்துரைப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஜோடியாக ஆடினால் ஒருவர் பேச்சுக்காரர், ஒருவர் முன்னால் நின்று அடி வாங்குபவர் என்று பிரியுங்கள்.

கடைசியில் 'கார்டியன்' என்று இன்னொரு ஆளை வடிவமைக்கச் சொல்லும். அது உங்கள் ஜோடியோ கூட வரும் துணையோ இல்லை. கதையில் பின்னால் வருகிற ஒருவர். நான் அதை இவருடைய ஆள் என்று நினைத்து மீசை வைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு பிடிக்காவிட்டால் மாற்றலாம். கப்பல் விழுந்த கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பாழடைந்த கல்லறை மண்டபம். அங்கே விதர்ஸ் என்று எலும்பும் தோலுமான ஒரு பெரியவர். நீங்கள் தேடிப் போகாவிட்டாலும் பின்னால் அவரே உங்கள் கூடாரத்துக்கு வந்து நிற்பார். 100 பொன் கொடுத்தால் வகுப்பை மாற்றுவார். 200 கொடுத்தால் செத்தவரை எழுப்புவார். நாங்கள் அவரைத் தாத்தா என்கிறோம்.

கடினத்தை 'எக்ஸ்புளோரர்' என்ற எளிய நிலையில் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நடுவில் கூட்டிக்கொள்ளலாம். 'ஹானர்' என்று ஒன்று இருக்கும். அதில் சேமிப்பு ஒன்றே ஒன்றுதான், கூட்டம் முழுதும் செத்தால் அத்தோடு ஹானர் முடிந்தது. அந்தப் பக்கம் இப்போது வேண்டாம்.

7. முதல் சண்டைகள்

உங்கள் முறை வந்தால் கையில் நாலு காசு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு செயல், ஒரு துணைச் செயல், கொஞ்சம் நடை, எதிரி முறையில் பதிலடிக்கு ஒன்று. புதியவர்கள் அடித்துவிட்டு முறையை முடித்துவிடுவார்கள். துணைச் செயலில் மருந்து குடிக்கலாம், தாண்டலாம், பக்கத்தில் நிற்பவனைப் பிடித்துத் தள்ளலாம். மேட்டு விளிம்பில் நிற்கும் எதிரியைத் தள்ளிவிடுவதுதான் இந்த ஆட்டத்தில் மிக மலிவான வெற்றி. உங்களையும் அப்படியே தள்ளுவார்கள்.

உயரத்தை விடாதீர்கள். மேலிருந்து எய்தால் கட்டையில் 2 கூடும், கீழிருந்து எய்தால் 2 குறையும். கோட்டை மதில் மேல் நிற்பவனுக்கும் அகழி ஓரத்தில் நிற்பவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். அடிக்கும் முன் எதிரி மேல் சதவீதம் காட்டும். ஐம்பதுக்குக் கீழே என்றால் இடம் மாறுங்கள். தொண்ணூற்றைந்தும் சில நேரம் தப்பும், தாயம் கேட்கும்போது விழாத மாதிரி. திட்டிவிட்டு அடுத்த முறையைப் பாருங்கள்.

தரையைக் கவனியுங்கள். நனைந்த ஆள் மேல் மின்னலும் குளிரும் இரண்டு மடங்கு வேலை செய்யும். எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும். எங்களுக்கு இது புரிந்தது ஒரு பாழ் ஊரில். கூரை மேல் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள். நான் தெருவில் 'கிரீஸ்' மந்திரத்தைக் கொட்டினேன், இரண்டு கோப்ளின் வழுக்கி விழுந்தார்கள். சந்தோஷத்தில் என் கிளெரிக்கைப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு தீக்குப்பியை எடுத்து வீசினார். தெரு முழுக்கக் கார்த்திகைச் சொக்கப்பனை.

"இன்னாங்க, நான் நிக்கிறது கண்ணுல படலயா?"

"நீ எப்போ அங்க போன?"

இரண்டு கோப்ளினும் போனார்கள், என் கிளெரிக்கும் போனார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: பரப்பில் விழும் எதையும் வீசும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் "சரி" என்ற பிறகுதான் பட்டன். ஜோடியாக ஆடும்போது உங்கள் முறைகள் அடுத்தடுத்து வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் நகர்த்தலாம், அந்த அவசரத்தில்தான் இதெல்லாம் நடக்கும்.

பேச்சிலும் இதே தொல்லை. யார் முதலில் போய்ப் பேசுகிறாரோ, அவருடைய ஆளின் திறமையில்தான் கட்டை உருளும். வாயாடி என் ஆள், ஓடிப்போய்ப் பேசுவது இவருடைய முரட்டு ஃபைட்டர். ஒவ்வொரு பொய்யும் அங்கேயே பிடிபடும். கிளெரிக்கின் 'கைடன்ஸ்' மந்திரம் பேச்சுக் கட்டையில் ஒன்று முதல் நாலு வரை கூட்டும், காசு செலவில்லாதது, மறக்காமல் போடுங்கள்.

ஒன்று, இரண்டாம் லெவலில் எல்லோரும் பஞ்சு மாதிரி. சண்டை முடியவில்லை என்றால் வேறு பக்கம் போய், பேசியும் தேடியும் லெவல் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஐந்தாம் லெவலில் அடிப்பவர்களுக்கு இரண்டு அடி, மந்திரக்காரர்களுக்கு நெருப்புக் குண்டு. அதுவரை பல்லைக் கடியுங்கள்.

8. தூக்கமும் சேமிப்பும்

உங்கள் ஆளின் தலைக்குள் ஒரு புழு இருக்கிறது, சீக்கிரம் போக வேண்டும் என்று கதை விரட்டும். அதை நம்பி நாங்கள் தூங்கவே இல்லை. மந்திரம் தீர்ந்த ஆள்களை வைத்துக்கொண்டு குச்சியால் அடித்துக்கொண்டிருந்தோம். நீண்ட ஓய்வுக்கு 40 உணவுப் பொருள் போதும், வழியெல்லாம் கிடக்கும். பல கதைக் காட்சிகள் கூடாரத்தில் தூங்கினால்தான் வரும். இரண்டு நீண்ட ஓய்வுகளுக்கு நடுவில் இரண்டு குட்டி ஓய்வும் உண்டு. ஒரு விலக்கு: எரிகிற விடுதி மாதிரி கண்ணெதிரே அவசரம் ஏதாவது தெரிந்தால் அதை முடித்துவிட்டுத் தூங்குங்கள்.

கீபோர்டில் எஃப்5 சேமிக்கும், எஃப்8 திரும்ப ஏற்றும். கதவைத் திறக்கும் முன், யாரிடமாவது பேசும் முன் எஃப்5.

ஜோடி ஆட்டத்தின் சேமிப்பு, ஆட்டத்தை நடத்துபவரின் மெஷினில்தான் இருக்கும். அவர் இல்லாமல் மற்றவர் தொடர முடியாது. எங்களுக்கு ஒரே மெஷின் என்பதால் எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, வேறு கஷ்டம்: இவர் நைட் ஷிப்டு போன ராத்திரி கை துறுதுறுக்கும். ஒரு நாள் தொட்டுவிட்டேன், இவர் பார்த்து வைத்திருந்த வாளை விற்றும் விட்டேன். இப்போது தனியாக ஆட வேறு பெயரில் ஒரு ஆள் வைத்திருக்கிறேன். சேமிப்புப் பட்டியல் ஆள் பெயர் வாரியாகப் பிரியும். அதனால் பெயர் மட்டும் நன்றாக வேறாக இருக்கட்டும், தூக்கக் கலக்கத்தில் தப்பானதைத் திறக்காமல் இருக்க.